காரோடு வரும் மேப்பா, கையில் இருக்கும் போனா? மதுரைப் பக்கம் புதிதாகக் கார் ஓட்டுவோருக்கு

போன மாதம் அண்ணன் மகன் கார் பார்க்கப் போன இடத்திலிருந்து கூப்பிட்டான். "சித்தப்பா, நடு மாடல்ல மேப் இல்லையாம். டாப் மாடல்ல உள்ளேயே வருதாம். அதுக்காகக் கூடப் பணம் போடலாமா?" விற்பனையாளர் பக்கத்தில் நின்று பேசுவதும் கேட்டது. "இன்னைக்கு அட்வான்ஸ் கொடுக்காத, வீட்டுக்கு வா" என்றேன். அன்று மாலை அவனுக்குச் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முதல் கார் வாங்குகிறவர்கள், லைசென்ஸ் எடுத்து இப்போதுதான் ஊருக்கு வெளியே ஓட்டத் தொடங்கியவர்கள், மாற்றலாகி மதுரைக்கு வந்து வழி தெரியாமல் திணறுகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேப்புக்காக மட்டும் டாப் மாடல் எடுக்க வேண்டாம். போனைக் காரின் திரையோடு இணைக்கும் வசதி இருந்தால் தாராளமாகப் போதும். அதுவும் இல்லையென்றால் ஒரு நல்ல ஹோல்டர், ஒரு நல்ல சார்ஜர். தனியாக விற்கும் ஜி.பி.எஸ். கருவி மிகச் சிலருக்குத்தான் தேவைப்படும். ஆனால் எதை வைத்துக்கொண்டாலும், வண்டியை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய பத்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாதவர்கள்தான் பாதி வழியில் நின்று போன் அடிக்கிறார்கள்.

சாட்டிலைட் வேறு, மேப் வேறு, டிராஃபிக் வேறு

"அங்கே டவர் இருக்காது, ஜி.பி.எஸ். வேலை செய்யாது" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். இது தவறு. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

ஜி.பி.எஸ். அமெரிக்கா நடத்தும் அமைப்பு. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டே நேரத்தையும் தங்கள் இடத்தையும் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் கருவி அந்த அறிவிப்பைக் கேட்கிறது, அவ்வளவுதான். நாலு செயற்கைக்கோள்களின் சத்தம் காதில் விழுந்தால் தான் எங்கே இருக்கிறோம் என்று அது கணக்குப் போட்டுவிடும். இதற்கு நெட் வேண்டாம், சிம் வேண்டாம், கட்டணமும் கிடையாது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்குப் போகும் சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் தெருவரை துல்லியமாகச் சொல்ல முடிந்தது. இப்போதைய போன்கள் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கின்றன. நம் நாட்டு நாவிக் அமைப்பைக் கேட்கும் போன்களும் இருக்கின்றன. திறந்த வானத்தின் கீழ் சில மீட்டர் பிசகில் இடம் தெரிந்துவிடும்.

ஆனால் அப்படிக் கிடைப்பது இரண்டு எண்கள் மட்டுமே. மதுரைக்கு ஏறத்தாழ 9.92, 78.12. அந்த எண்களை எந்தத் தெருவின் மேல் வைப்பது என்று சொல்வது மேப். அது கருவிக்குள்ளேயே இருக்கலாம், அல்லது போகப் போக நெட்டிலிருந்து இறங்கலாம். மூன்றாவது, டிராஃபிக். முன்னால் போகும் ஆயிரக்கணக்கான போன்கள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதைத் தொகுத்துச் சிவப்புக் கோடாகக் காட்டுவது அது. இதற்கு நெட் கட்டாயம் வேண்டும்.

எந்தக் கருவியைக் காட்டினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். மேப் எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது புதுப்பித்தது? டிராஃபிக் வருமா? விலையைப் பற்றிப் பேசுவது அதற்கு அப்புறம்.

காரோடு வரும் மேப்

இதற்கென்று உண்மையான சிறப்புகள் உண்டு. திரை பெரியது, கண்ணுக்கு நேராக இருக்கும். ஆன்டெனா பெரும்பாலும் கூரை மேலேயே இருப்பதால் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். கார் கம்பெனியே பொருத்திய நல்ல அமைப்புகள் சக்கரம் எவ்வளவு சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதையும் எடுத்துக்கொள்ளும். அதனால் சுரங்கப்பாதைக்குள் செயற்கைக்கோள் மறைந்தாலும் சிறிது தூரத்துக்கு இடத்தைத் தொலைக்காது. வெயிலில் போன் போலச் சூடாகி அணைந்தும் போகாது.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. மேப்புக்கு வயதாகிறது.

எனக்கு இது நத்தம் ரோட்டில் தெரிந்தது. தல்லாகுளத்துப் பக்கம் ஏறி ஊமச்சிகுளம் நோக்கிப் போகும் அந்த 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. திறந்த புதிதில் அதன் மேல் போய்க்கொண்டிருந்தேன். என் காரிலிருந்த மேப்புக்குப் பாலம் ஒன்று கட்டப்பட்டதே தெரியாது. பாலத்தின் மேல் 60-ல் போகிற என்னிடம் "இன்னும் 100 மீட்டரில் வலது பக்கம் திரும்புங்கள்" என்றது. கீழே இருக்கும் தெருவைச் சொல்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பயந்தே போய்விட்டார். ஷோரூமில் கேட்டால், இலவசமாகப் புதுப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது, இனிப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். கட்டிய பிறகு கொடுத்த மேப்பிலும் அந்தப் பாலம் வரவில்லை. வாடிப்பட்டியிலிருந்து தாமரைப்பட்டி வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்குப் புதிதாகப் போட்டிருக்கும் நான்குவழிச் சாலையையும் நினைத்துப் பாருங்கள். பழைய மேப்பில் உங்கள் கார் வயலுக்கு நடுவே மிதந்துகொண்டு போவது போலத்தான் தெரியும்.

இப்போது வரும் சில கார்களில் உள்ளேயே ஒரு சிம் இருக்கிறது, மேப் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது, டிராஃபிக்கும் காட்டுகிறது. நல்ல விஷயம். ஆனால் அந்தச் சிம்முக்கு எத்தனை வருடம் இலவசம், அதற்கு அப்புறம் வருடத்துக்கு எவ்வளவு என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கார் பத்து வருடம் ஓடும்.

"நேவிகேஷன் இருக்கு சார்" என்று விற்பனையாளர் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, மேலே சொன்னபடி காருக்குள்ளேயே மேப் இருப்பது. இன்னொன்று, போனை இணைத்தால் போனில் இருக்கும் மேப் காரின் திரையில் தெரிவது. ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்ப்ளே என்று சொல்வது இந்த இரண்டாவது வகை. இரண்டும் முறையே 2015, 2014-இல் வந்தவை, இப்போது நடு மாடல்களிலேயே கிடைக்கின்றன. உங்கள் போனையே கையில் கொடுத்து, "இதை இணைத்துத் திருப்பரங்குன்றத்துக்கு வழி போட்டுக் காட்டுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அப்போது எது என்று தெரிந்துவிடும்.

வெளிக் கடையில் ஸ்டீரியோ மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவோடு தீப்பெட்டி அளவில் ஒரு கருப்பு டப்பாவும் வயரும் வரும். அதுதான் ஜி.பி.எஸ். ஆன்டெனா. அவசரத்தில் பொருத்துகிறவர்கள் அதைச் சுருட்டி ஸ்டீரியோவுக்குப் பின்னால் இரும்புக்கு நடுவே திணித்துவிடுவார்கள். அப்புறம் கார் எப்போதும் பக்கத்துத் தெருவில் நிற்பதாகக் காட்டும். முன் கண்ணாடியின் கீழே, டாஷ்போர்டு மேல், வானம் தெரிகிற இடத்தில் அதை ஒட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பார்த்து ஒட்ட வையுங்கள்.

தனி ஜி.பி.எஸ். கருவி

2011-இல் ஒன்று வாங்கினேன். கண்ணாடியில் ஒட்டுகிற ரப்பர் உறிஞ்சியோடு வந்தது. இந்தியா முழுவதும் அதன் நினைவகத்திலேயே இருந்தது. நெட் என்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் அது பெரிய துணை. ராமேஸ்வரம், கன்னியாகுமரி, மூணாறு எல்லாம் அதை நம்பித்தான் போனோம். நடுவில் யாரும் போன் அடித்து வழியை மறைக்க மாட்டார்கள். வெயிலிலும் திரை தெரியும்.

இன்று புதிதாக ஒன்றை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிராஃபிக் தெரியாது, புது ரோடு தெரியாது, ஊர்ப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும். மாதத்தில் பாதி நாள் காட்டுப் பகுதியிலோ மலையிலோ வேலையாகப் போகிறவர்கள், போனை வேறு வேலைக்கே வைத்துக்கொள்ள வேண்டியவர்கள், இவர்களுக்கு வேண்டுமானால் பயன்படும்.

யாராவது பழைய கருவியைச் சும்மா கொடுத்தால் அல்லது மலிவாக விற்றால் ஒன்றைச் சோதியுங்கள்: வெளியே எடுத்து வைத்து, சிக்னல் கிடைத்த பிறகு தேதி சரியாகக் காட்டுகிறதா? ஜி.பி.எஸ். அமைப்பு வாரங்களை 1,024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அப்படித் தொடங்கியது 2019 ஏப்ரல் 6 இரவு. அதற்கேற்பப் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் ஏறக்குறைய 20 வருடம் பின்னால் போய்விட்டன. தேதி தப்பாக இருந்தால், அந்தக் கருவியைப் பல வருடமாக யாரும் புதுப்பிக்கவில்லை என்று அர்த்தம். மேப்பும் அப்படித்தான் இருக்கும்.

போனைத் தயார் செய்வது

சரி, இனி நம்மில் பெரும்பாலானவர்கள் கையாளப் போகும் முறைக்கு வருவோம். கூகுள் மேப்பை வைத்துச் சொல்கிறேன். நம் நாட்டு நிறுவனத்தின் மேப்ள்ஸ் செயலியும் நல்லது, வேகத்தடைகளை முன்கூட்டியே சொல்லும். இரண்டையும் போனில் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

முதல் வேலை, மேப்பை இறக்கி வைப்பது. வீட்டில் வைஃபை இருக்கும்போது செயலியைத் திறந்து, உங்கள் படத்தைத் தொட்டால் "ஆஃப்லைன் மேப்" என்று இருக்கும். அதில் ஒரு சதுரம் வரும். மதுரையை நடுவில் வைத்து, மேற்கே கம்பம், குமுளி வரை, வடக்கே திண்டுக்கல், கொடைக்கானல் வரை, கிழக்கே ராமேஸ்வரம் வரை விரித்து இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே சதுரத்தில் அடங்காவிட்டால் இரண்டாகப் பிரித்து இறக்கலாம். சில நூறு எம்.பி. இடம் பிடிக்கலாம், பிடிக்கட்டும். இதைச் செய்துவிட்டால் டவர் இல்லாத இடத்திலும் காருக்கான வழியைப் போன் தானே கணக்குப் போடும். டிராஃபிக் மட்டும் தெரியாது. தானாகப் புதுப்பிக்கும் அமைப்பு பக்கத்திலேயே இருக்கும், அதையும் போட்டு வையுங்கள்.

அடுத்தது வண்டி வகை. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் மதுரையில் இதுதான் நிறையப் பேரை மாட்டிவிடுகிறது. இந்தியாவுக்கென்று 2017 கடைசியில் பைக்குக்குத் தனி வழி காட்டும் வசதியைக் கொண்டுவந்தார்கள். நேற்று வரை பைக் ஓட்டியவர் போனில் அந்தப் பைக் படம் தேர்வாகியே கிடக்கும். அதே போனோடு காரில் ஏறினால், மேப் உங்களைப் பைக் போகிற சந்துக்குள் அழைத்துப் போகும். பின்னால் ஆட்டோ, முன்னால் தண்ணீர்க் குடம், இரண்டு பக்கமும் திண்ணை. வழி போட்டதும் கார் படம்தான் எரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். குறுகிய தெருக்களை நாலு சக்கர வண்டிக்குத் தவிர்க்கும் வசதி 2024-இல் சென்னை, கோவை உட்பட எட்டு நகரங்களில் முதலில் வந்தது. அந்தப் பட்டியலில் மதுரை இல்லை. ஆகவே கார் படத்தைப் போட்டாலும் பழைய ஊருக்குள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

குரலைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஓட்டுகிறவருக்கு எந்த மொழியில் சட்டென்று உறைக்குமோ அதை வையுங்கள். என் மனைவிக்குத் தமிழ்க் குரல்தான் வசதி. எனக்கு இடது, வலது என்பதைவிட லெஃப்ட், ரைட் வேகமாக ஏறுகிறது. இதில் சரி, தவறு கிடையாது.

இருப்பிட அனுமதியில் "துல்லியமான இருப்பிடம்" இயங்குகிறதா, பேட்டரி சேமிப்பு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி சேமிப்பு ஓடினால் பல போன்களில் இருப்பிடம் விட்டு விட்டு வரும்.

போனை எங்கே வைப்பது? சித்திரை, வைகாசி வெயிலில் டாஷ்போர்டு மேல் வைத்தீர்களென்றால் அரை மணி நேரத்தில் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், சில போன்கள் அணைந்தேவிடும். ஐபோனுக்கு அதன் கம்பெனி சொல்லும் அளவே 35 டிகிரி வரைதான், மதுரையோ 40-ஐத் தொடுகிற ஊர். ஏ.சி. காற்று வரும் இடத்தில் மாட்டுகிற ஹோல்டர் வாங்குங்கள். குளிர்ந்த காற்று போன் முதுகில் படும். கண்ணாடியில் ஒட்டுகிற வகை பார்வையை மறைக்கும், உச்சி வெயிலில் ரப்பர் இளகிக் கழன்றும் விழும். ஏர்பேக் மூடி இருக்கும் இடத்தில் எதையும் ஒட்டக் கூடாது.

ஆண்ட்ராய்டு ஆட்டோவில் இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் ஷோரூமுக்கு ஓடுவதற்கு முன் வயரை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு வயர்கள் நிறைய உண்டு, அதில் தகவல் போகாது. போனோடு வந்த வயரையோ நல்ல வயர் ஒன்றையோ காருக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வயர் இல்லாமல் இணைப்பதும் வசதிதான், ஆனால் போன் அதிகம் சூடாகும், பேட்டரியும் வேகமாக இறங்கும்.

போக வேண்டிய இடத்தைச் சரியாகப் போடுவது

தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்கிறவர்களில் பலருக்கு வழி தவறுவதில்லை, போட்ட இடமே தவறியிருக்கும்.

நம் பக்கத்தில் ஒரே பெயரில் எத்தனை ஊர்! நாகமலை புதுக்கோட்டைக்குப் போக வேண்டியவர் "புதுக்கோட்டை" என்று போட்டால் வண்டி மேலூர் ரோட்டில் ஏறி வேறு மாவட்டத்துக்குக் கிளம்பிவிடும். திருமங்கலம் நமக்கும் உண்டு, சென்னைக்கும் உண்டு. அண்ணா நகர், கே.கே. நகர் மதுரை, சென்னை, திருச்சி மூன்றிலும் உண்டு. பட்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊர்ப் பெயரோடு தாலுகா அல்லது மாவட்டப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அதைவிட முக்கியம், வழி வந்தவுடன் எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். உசிலம்பட்டிக்கு 40 கிலோமீட்டருக்குப் பக்கமாகக் காட்ட வேண்டும். 140 என்று காட்டினால் நிறுத்தி மறுபடி தேடுங்கள்.

மதுரைக்குப் புதியவர்கள் தெருப் பெயரில் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாகச் சதுரமாகத் தெருக்கள் போகும். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம். போனில் "வெஸ்ட் மாசி" என்று வருவதைத்தான் ஊரில் மேல மாசி வீதி என்பார்கள். கீழ என்றால் கிழக்கு. இது தெரியாமல் ஆட்டோக்காரரிடம் வெஸ்ட் என்றும் ஈஸ்ட் என்றும் கேட்டுக் குழம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சித்திரை வீதிகளுக்குள் கார் போக முடியாது. அதனால் கோயில் என்று போடாமல் வடக்கு ஆவணி மூல வீதியில் இருக்கும் அடுக்கு வாகன நிறுத்தத்தைப் போடுங்கள். அங்கே விட்டுவிட்டு நடந்து போகலாம்.

யாராவது வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்பினால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். "லைவ் லொக்கேஷன்" என்பது அனுப்பியவர் போகும் இடமெல்லாம் கூடவே நகரும். மண்டபத்திலிருந்து அனுப்பியவர் பூ வாங்கப் பஜாருக்குப் போனால் நீங்களும் பஜாருக்குத்தான் போவீர்கள். "தற்போதைய இருப்பிடம்" அனுப்பச் சொல்லுங்கள், அதுவும் அந்த இடத்தில் நின்றுகொண்டு. அனுப்பும்போது எத்தனை மீட்டர் துல்லியம் என்று அங்கேயே எழுதியிருக்கும். கட்டடத்துக்குள் நின்றால் அது நூறு, இருநூறு என்று நிற்கும். வாசலுக்கு வந்து, பத்து இருபதுக்கு இறங்கிய பிறகு அனுப்புவது நல்லது. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்திருக்கும் க்யூ.ஆர். குறியீடும் இப்படித்தான். அதை முதல் நாளே ஸ்கேன் செய்து, மண்டபத்தின் பெயரும் ஊரும் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

குலதெய்வம் கோயில்கள்தான் எல்லாவற்றிலும் கடினம். எங்களுடையது உசிலம்பட்டிக்கு அப்பால் கண்மாய்க் கரையில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது, ரோடும் கடைசி ஒரு கிலோமீட்டர் மண்பாதை. சிவராத்திரிக்குச் சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருட்டில் சுற்றுவார்கள். போன தடவை நான் ஆலமரத்தடியில் நின்று, திரையில் விரலை அழுத்தி ஒரு 'பின்' குத்தினேன், அதாவது அந்த இடத்தைக் குறித்தேன். அதைத் தொட்டால் கீழே இரண்டு எண்கள் வரும். அந்த எண்களைக் குடும்பக் குழுவில் போட்டேன். புள்ளிக்கு அப்புறம் நாலாவது இடத்தில் ஒரு எண் மாறினால் 11 மீட்டர் பிசகு. முதல் இடத்தில் மாறினால் 11 கிலோமீட்டர். ஆகவே எண்களைக் கையால் எழுதாமல் அப்படியே நகல் எடுத்து அனுப்புங்கள்.

கிளம்பும் முன், ஓட்டும்போது

வழி போட்டவுடன் "தொடங்கு" என்பதை அழுத்திவிடாதீர்கள். முழு வழியையும் விரலால் நகர்த்தி ஒருமுறை பாருங்கள். எந்த ஊர்கள் வழியாகப் போகிறது, எங்கே டோல், எங்கே மலை ஏற்றம் என்பது மனதில் பதிந்தால், நடுவில் போன் அணைந்தாலும் பாதி வழி தெரியும்.

ஓட்டும்போது போனைக் கையில் எடுக்கக் கூடாது. 2020 அக்டோபரிலிருந்து மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது: வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுகிறவரின் கவனம் சிதறாதபடி. இடத்தை மாற்ற வேண்டுமானால் ஓரமாக நிறுத்தி மாற்றுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்.

மேம்பாலத்தில் ஏறும் இடம் வரும்போது திரையை நம்புவதைவிடப் பலகையை நம்புங்கள். பாலமும் கீழே ரோடும் ஒரே கோட்டில் போகும்போது, மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று செயற்கைக்கோளால் எளிதில் பிரித்துச் சொல்ல முடியாது. 2024-லிருந்து மேம்பாலத்தில் ஏறச் சொல்லி முன்கூட்டியே சொல்லும் வசதி இருக்கிறது, இருந்தாலும் நத்தம் ரோட்டில் நான் பலகையைத்தான் பார்க்கிறேன்.

மழை நாளில் மேப்புக்குத் தெரியாத விஷயங்கள் நம் ஊரில் சில உண்டு. வைகையில் தண்ணீர் அதிகம் திறந்தால் யானைக்கல் தரைப்பாலம் மூழ்கும், போலீஸ் தடுப்பு வைப்பார்கள். மேப் சில நேரம் அதன் வழியாகவே குறுக்குவழி காட்டிக்கொண்டிருக்கும். மணிநகரம் போன்ற ரயில்வே சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்பதும் அதற்குத் தெரியாது. சித்திரைத் திருவிழாவின்போது கோரிப்பாளையம், தமுக்கம், ஆழ்வார்புரம் பக்கம் வழி மாற்றுவதை முதல் நாள் செய்தித்தாளில் பாருங்கள், போனில் தேடாதீர்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம், பாதியில் அறுந்து நின்ற பாலத்தில் மேப்பைப் பார்த்துப் போன மூன்று பேர் ஆற்றில் விழுந்து இறந்தார்கள். தடுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முன்னால் ரோடு வெறிச்சோடிக் கிடந்தால், எதிரே ஒரு வண்டியும் வராவிட்டால், நிறுத்தி இறங்கிப் பாருங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. தேனி, பெரியகுளம் பக்கமிருந்து கொடைக்கானலுக்கு வழி போட்டால் சில சமயம் கும்பக்கரை, அடுக்கம் வழியாகக் காட்டும். கிலோமீட்டர் குறைவுதான். ஆனால் அது குறுகலான மலைப்பாதை, மழைக்காலத்தில் மண் சரியும், எதிரே வண்டி வந்தால் பின்னால் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் வத்தலக்குண்டு வழியாகவே ஏறுங்கள். நடுவில் வத்தலக்குண்டை ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிட்டால் மேப் வேறு பக்கம் இழுக்காது. கொடைக்கானலுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், அதை எந்த மேப்பும் கேட்காது, சோதனைச் சாவடியில் கேட்பார்கள். டவர் சரியாகக் கிடைக்காத மேகமலை போன்ற இடங்களில் வழியைத் தொடங்கிவிட்டால் நடுவில் செயலியை மூடாதீர்கள்.

பழகிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை

அண்ணன் மகன் நடு மாடலே எடுத்தான். கார் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் ஓட்டவில்லை, அவனை ஓட்டவிட்டேன். நீங்களும் இதையே செய்யலாம். மாட்டுத்தாவணியில் தொடங்குங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, இறக்கி வைத்த மேப்பை மட்டும் வைத்து, ரிங் ரோடு வழியாகப் பாண்டி கோயில், விரகனூர் தாண்டிக் கப்பலூர் வரை போங்கள். நெட் இல்லாமல் போன் எப்படி நடந்துகொள்கிறது, எது குறைகிறது என்று தெரியும். வேண்டுமென்றே ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, அது மறுபடி வழி கணக்குப் போட எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். கப்பலூரில் ஒரு டீ குடித்துவிட்டு, டேட்டாவைப் போட்டுத் திருப்பரங்குன்றம் வழியாக ஊருக்குள் வாருங்கள். அதற்குள் மணி எட்டாகி டிராஃபிக் சேர்ந்திருக்கும், சிவப்புக் கோடுகளும் தெரியத் தொடங்கும்.